மாதம் இரு முறை புல் வெட்டும் சேவை: வியாசர்பாடிக் குடியிருப்பு ஒன்றின் ஆறு மாத அனுபவம்

வியாசர்பாடியில், தரைத்தளமும் அதற்கு மேல் மூன்று மாடிகளுமாக 32 வீடுகள் கொண்ட எங்கள் பிளாக்கின் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் பொருளாளர். சென்ற செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஆறு மாதங்கள், மாதம் இரண்டு முறை வந்து பிளாக்கைச் சுற்றியுள்ள புல் பூண்டுகளை வெட்டிச் சுத்தம் செய்து தரும் ஒரு தனியார் சேவையை நாங்கள் அமர்த்திக்கொண்டோம். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. இதே முறையில் மெஷினும் நான்கு ஆட்களுமாக வேலை செய்யும் குழுக்கள் நகரத்தில் பல இருக்கின்றன. நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி அந்த வேலை முறைக்கே உரியவை. மீதிப் பாதி எங்களுடையவை.

இந்தச் சேவையை நாங்கள் ஏன் தேடிப் போனோம் என்பதைச் சொல்லாமல் அதை மதிப்பிட முடியாது. பிளாக்கின் பின்பக்கத்தில், சுவருக்கும் மதிலுக்கும் இடையே 9 அடி அகலமும் 110 அடி நீளமும் கொண்ட ஒரு பட்டை நிலம் இருக்கிறது. தரைத்தளத்து எட்டு வீடுகளின் பின்கதவும் அதில்தான் திறக்கிறது. துணி காயப்போடும் கயிறுகள், பழைய வாளிகளில் செடிகள், கழிவுநீர்ச் சேம்பர்கள், ஒரு முருங்கை, ஒரு பூவரசு, இவற்றுக்கிடையே முழங்கால் உயரத்துக்குக் கோரையும் பார்த்தீனியமும் வளர்ந்திருந்தன. சென்ற ஆகஸ்டில் எங்கள் சங்கத்தின் செயலாளர், "தரைத்தள வீட்டார் தத்தம் பின்பக்கத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், தவறினால் 200 ரூபாய் அபராதம்" என்று படிக்கட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்.

செயலாளரிடம் இரண்டு வாதங்கள் இருந்தன. முதலாவது, அரசின் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டம். எங்களுடையதைப் போன்ற குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளில் சங்கங்கள் அமைத்து, மக்கள் செலுத்தும் பராமரிப்புத் தொகைக்கு நிகரான தொகையை அரசும் வழங்குவது அந்தத் திட்டத்தின் அடிப்படை. பெயரிலேயே 'பொறுப்பு' இருக்கும்போது புல்லைப் பிடுங்குவது யார் வேலை என்ற கேள்விக்கே இடமில்லை என்பது அவர் கட்சி. (1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிவிட்டது, ஆனாலும் ஆட்டோக்காரரிடம் பழைய பெயரைச் சொன்னால்தான் வண்டி சரியான தெருவுக்கு வருகிறது.)

இரண்டாவது வாதம் கடல் கடந்து வந்தது. செயலாளரின் அக்காள் மகள் கிழக்கு லண்டனில் உள்ளாட்சி மன்றத்தின் வாடகை வீட்டில் குடியிருக்கிறாள். தோட்டத்தைச் செம்மையாக வைத்திருக்க வேண்டும் என்பது அவளுடைய வாடகை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையாகவே இருக்கிறதாம். இது நம்பக்கூடியதுதான். இங்கிலாந்தின் பொது வீடமைப்பில் இது நூறாண்டுப் பழக்கம். லண்டன் மாவட்ட மன்றம் 1921 முதல் டகன்ஹாம் பக்கம் கட்டியெழுப்பிய பெகன்ட்ரி குடியிருப்பில், ஏறத்தாழ 26,000 வீடுகளுக்கும் முன்தோட்டத்தைப் பேணும் விதி இருந்தது. நன்றாகப் பேணியவர்களுக்குப் போட்டி வைத்துப் பரிசும் கொடுத்தார்கள். ஒப்பந்த நிபந்தனையை மீறுவது, 1985-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின்படி, வீட்டைத் திரும்பப் பெறக் கேட்பதற்கு ஒரு காரணமாகவும் ஆகலாம். ஆனால் செயலாளர் சொல்லாமல் விட்ட ஒன்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது: அப்படி வீட்டைப் பறிப்பது நியாயமானதுதானா என்று நீதிமன்றம் தனியாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதோடு பெகன்ட்ரியில் வேலிக்குள் இருக்கும் தோட்டம் அந்த ஒரு குடும்பத்துடையது. எங்கள் 9 அடிப் பட்டையோ 32 வீட்டுக்கும் பொது. மூன்றாம் மாடியில் இருப்பவருக்கும் அதில் பங்கு உண்டு, அவருக்கு அதில் கால் வைக்க வழி இல்லையென்றாலும்.

நோட்டீஸ் ஒட்டிய அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குத் தரைத்தளத்து அக்கா ஒருவர் ஓர் அரிசி மூட்டைப் பையை இழுத்துக்கொண்டு வந்தார். ஒரு வாரத்தில் தன் பின்கதவுக்கு எதிரே மேலிருந்து விழுந்தவற்றை அதில் சேர்த்து வைத்திருந்தார். சங்கத்தின் பாயில் அதைக் கொட்டினார். டயப்பர்கள், டீத்தூள் கட்டிய பால் பாக்கெட்டுகள், சீப்பில் சுருட்டிய முடி, முருங்கைக்காய்ச் சக்கை, சவர பிளேடு இரண்டு, ஒற்றை ரப்பர் செருப்பு. "இதுக்குத்தானே எனக்கு இருநூறு ரூபாய் அபராதம், அண்ணா?" என்று செயலாளரைப் பார்த்துக் கேட்டார். பிளேடு யாருடையது என்று யாரும் விசாரிக்கவில்லை. அபராதத் தீர்மானம் அந்த இடத்திலேயே கைவிடப்பட்டு, ஆளுக்கு மாதம் 100 ரூபாய் போட்டு வெளியாட்களை அழைப்பது என்று முடிவாயிற்று. தப்பித்தால் போதும் என்று எடுத்த முடிவு அது என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

இனிச் சேவையைப் பற்றி. முதல் முறை முழுச் சுத்தத்துக்கு 6,000 ரூபாய், அதன்பின் மாதம் 2,800 ரூபாய் என்று பேசினோம். ஆறு மாதத்தில் மொத்தம் 22,800 ரூபாய் கொடுத்திருக்கிறோம். நேரம் தவறாமை இவர்களுடைய பெரிய பலம். முதல் சனி, மூன்றாம் சனி என்றால் காலை ஏழரைக்குள் வண்டி வந்துவிடும். பன்னிரண்டு முறையில் ஒரே ஒரு முறை, நவம்பரில் கனமழை பெய்த வாரத்தில் மட்டும், முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை வந்தார்கள். முதல் நாள் வேலை உண்மையிலேயே நன்றாக இருந்தது. மண்ணில் புதைந்து இருக்குமிடமே தெரியாமல் போயிருந்த ஒரு சேம்பர் மூடியைக் கண்டுபிடித்துத் தோண்டி எடுத்தார்கள். தரைத்தளத்தில் இரண்டு வீட்டுக் குளியலறைகளில் தண்ணீர் ஏன் எதிர்த்துக்கொண்டு வந்தது என்பது அன்றுதான் விளங்கிற்று. மதில் ஓரம் கிடந்த உடைந்த சிமென்ட் தொட்டி, டயர், ஐஸ்பெட்டி மூடி ஆகியவற்றையும் முகம் சுளிக்காமல் வெளியே எடுத்துப் போட்டார்கள். பேச்சிலும் மரியாதை இருந்தது.

குறைகள் இரண்டாவது வருகையிலிருந்து தொடங்கின. அவற்றில் பெரும்பாலானவை தோளில் மாட்டிக்கொண்டு ஓட்டும் அந்தப் பெட்ரோல் மெஷினிலிருந்து பிறந்தவை. அதன் முனையில் பிளேடு கிடையாது. மீன்பிடிக்கும் தூண்டில் நரம்பைப் போன்ற தடித்த நைலான் நரம்பு வேகமாகச் சுழன்று புல்லை அடித்து அறுக்கிறது. வேகமான வேலைதான், ஒன்றரை மணி நேரத்தில் பட்டை முழுவதும் முடிந்துவிடும். ஆனால் இது புல்லின் தலையைத்தான் எடுக்கிறது. கோரைக்கு உயிர் மண்ணுக்குள்ளிருக்கும் கிழங்கில். அருகம்புல்லுக்கு உயிர் தரையோடு படரும் கணுவில். தலை போனதைப் பற்றி இரண்டுக்கும் கவலை இல்லை, பத்தாவது நாள் பழைய உயரத்துக்கு வந்துவிடும். பார்த்தீனியம் இன்னும் மோசம். பூக்கும் முன்னர் வேரோடு பிடுங்க வேண்டிய செடி அது, அதுவும் கையுறை போட்டுக்கொண்டு, ஏனென்றால் தோலில் அரிப்பு வரும். மெஷினால் அடித்தால் அடித்தண்டிலிருந்து நாலு கிளை விட்டு மறுபடியும் பூக்கும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். பிடுங்கித் தர முடியுமா என்று மேஸ்திரியிடம் கேட்டேன். பிடுங்க ஆள் கூலி தனி என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பேசிய தொகைக்கு அவர் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். நாங்கள் எழுதி வாங்கிய தாளில் 'சுத்தம் செய்தல்' என்ற இரண்டு சொற்கள்தான் இருந்தன.

அந்த இரண்டு சொற்களின் பொருள் என்ன என்பதில்தான் பெரிய சண்டை வந்தது. கோடி வீட்டில் தனியாக இருக்கும் ஆயா ஒருவர், தன் பின்கதவுக்கு நேரே நான்குக்குப் பத்தடி இடத்தில் பல வருடங்களாகக் கீரையும் மூலிகையும் வளர்க்கிறார். பெயின்ட் வாளியில் ஓமவல்லி, துணிக் கம்பியில் ஏறிய தூதுவளை, தரையில் கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி, கீழாநெல்லி, குப்பைமேனி. பிளாக்கில் எந்தக் குழந்தைக்குச் சளி பிடித்தாலும் ஓமவல்லி அங்கிருந்துதான் போகும். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை அவர் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், வாளியில் இருந்த ஓமவல்லியைத் தவிர மற்ற அனைத்தையும் மெஷின் தரையோடு தரையாக ஆக்கிவிட்டது. மெஷின் ஓட்டிய பையன் வருத்தத்தோடு, "மேஸ்திரி எல்லாத்தையும் அடிச்சிடச் சொன்னாரு ஆயா, எனக்கு எல்லாம் களையாத்தான் தெரிஞ்சுது" என்றான். ஆயா அறுபட்ட தண்டு ஒன்றை எடுத்து அவன் மூக்கருகே நீட்டி, "குப்பைமேனின்னு பேர் வெச்சா குப்பையாடா?" என்று கேட்டார். அவனிடம் அதற்குப் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் நோட்டீஸ் ஒட்டிய எங்களிடமும் இல்லை. 'சுத்தம்' என்று எழுதும்போது எங்கள் மனத்தில் இருந்தது, நாலு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அடுக்குமாடிகளில் கத்தரித்து நிறுத்திய குரோட்டன்ஸும் கொரியன் புல்லும்தான் என்று நினைக்கிறேன்.

அதன்பிறகு ஆயா தன் இடத்தைச் சுற்றிச் செங்கல் அடுக்கினார். செங்கல் அடுக்கிய இடத்தில் மெஷின் விடக் கூடாது என்று மேஸ்திரியிடம் சொல்லி வைத்தோம். அவரும் அந்தச் சொல்லைக் கடைசிவரை காப்பாற்றினார். இதில் ஒரு வேடிக்கை நடந்தது. செங்கல் வைத்தால் தொட மாட்டார்கள் என்று தெரிந்ததும் அடுத்த மாதத்துக்குள் எட்டு வீட்டிலும் செங்கல் வட்டங்கள் முளைத்தன. சிலவற்றுக்குள் செம்பருத்தியும் நந்தியாவட்டையும்; ஒன்றில் ஓடாத சலவை இயந்திரம்.

முருங்கை மரத்துக்கு யாரும் செங்கல் வைக்கவில்லை. அடியை ஒட்டியிருந்த புல்லை எடுக்கும் முயற்சியில், நான்கைந்து வருகைகளில் அந்த நைலான் நரம்பு தண்டின் பட்டையைச் சுற்றிலும் சீவி எடுத்துவிட்டது. இலையில் உண்டாகும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. பட்டை ஒரு முழு வளையமாகப் போய்விட்டால் வேர் பட்டினி கிடந்து மரம் மெல்லச் சாகும். ஜனவரியில் மேல்பகுதி காய்ந்துபோனது. இழப்பீடாக மேஸ்திரி இரண்டு செடிகள் கொண்டுவந்து கொடுத்தார், இரண்டும் குரோட்டன்ஸ்.

வெட்டியதை எடுத்துப்போவது யார் என்பது அடுத்த சிக்கல். தோட்டக் கழிவைத் தனியாகச் சேர்த்து வைத்து உள்ளாட்சி சொல்லும் முறைப்படி அகற்ற வேண்டும், தெருவில் போடவோ எரிக்கவோ கூடாது என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. இவர்களோ வெட்டிய புல்லை மதில் ஓரம் குவித்துவிட்டு, வண்டியில் ஏற்றிச் செல்ல ஒரு நடைக்கு 1,500 ரூபாய் என்றார்கள். அதைக் கொடுக்காமல் நாங்கள் சேமித்தோம். அக்டோபர் மழையில் அந்தக் குவியல் அழுகி, கரைந்து, மழைநீர் வடிகாலின் வாயில் போய் அடைத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குத் தரைத்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்ற வீட்டார் யாருக்கும் வடிகால் அடைப்பை வேடிக்கை பார்க்கும் பொறுமை இல்லை. அன்றிரவே நான்கு பேர் மண்வெட்டியோடு இறங்கி அள்ளினார்கள். அவர்களில் மூன்று பேர் தரைத்தளத்தார். நான்காவது ஆள் பொருளாளர் என்ற முறையில் நான்.

கொசு விஷயத்தில் இந்தச் சேவையால் எந்தப் பயனும் இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பல குடியிருப்புகள் இதைக் கொசுவுக்கு என்று நம்பித்தான் அமர்த்துகின்றன. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு புல்லில் முட்டையிடுவதில்லை. தேங்கிய நல்ல தண்ணீரில், அதாவது தொட்டித் தட்டில், தேங்காய்ச் சிரட்டையில், மூடாத டிரம்மில் இடுகிறது. முட்டை கொசுவாகப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை வருகிறவர், எவ்வளவு நேர்மையாகக் கவிழ்த்துவிட்டுப் போனாலும், நடுவில் ஒரு தலைமுறைக் கொசு வளர்ந்து பறந்துவிடும். அதை வீட்டில் இருப்பவர்தான் வாரம் ஒரு முறையாவது கவிழ்த்தாக வேண்டும். கொசு உற்பத்தியாகும்படி நீரைத் தேங்க விடக் கூடாது என்ற கடமை 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே இருக்கிறது; அதற்குச் சொந்த வீடு, வாரிய வீடு, வாடகை வீடு என்ற பேதம் கிடையாது.

என்னுடைய கருத்து இந்த இடத்தில்தான் மாறியது. ஆகஸ்டில் நான் நோட்டீஸின் பக்கம் இருந்தேன். இப்போது, குடியிருப்பவரைக் கட்டாயப்படுத்த வேண்டியவை சில இருக்கின்றன என்றும், ஆனால் அவை 'அழகு' என்ற பெயரில் வரக் கூடாது என்றும் நினைக்கிறேன். தேங்கிய தண்ணீர், மேலிருந்து எறியும் குப்பை, சேம்பர் மூடியின் மேல் வைத்த சாமான், வடிகாலை அடைக்கும் கழிவு, இவை பக்கத்து வீட்டுக்காரரின் உடம்பையும் சுவரையும் கெடுப்பவை. இவற்றுக்கு அபராதம் போட்டால் நான் ரசீதெழுதத் தயார், 32 வீட்டுக்கும் சேர்த்து. குப்பைமேனி எத்தனை அங்குலம் வளரலாம் என்பதில் சங்கத்துக்கு என்ன வேலை? மேலும், கடமையைச் சொல்பவர் கருவியையும் கொடுக்க வேண்டும். எங்கள் பின்பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இல்லை. போர் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் துளசி பத்து நாளில் கருகும். குடத்தில் பிடித்த மெட்ரோ வாட்டரில் ஒரு சொம்பை மிச்சம் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறவரிடம் போய்த் தோட்டம் பச்சையாக இல்லை என்று நோட்டீஸ் கொடுக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எட்டு வீட்டில் மூன்றில் இருப்பவர்கள் வாரியத்திடம் வீடு ஒதுக்கீடு பெற்றவர்களே அல்லர், பதினோரு மாத வாடகைக்கு வந்தவர்கள். ஒன்றரை வருடத்தில் காலி செய்யப்போகிற ஒருவர் பார்த்தீனியத்தின் வேர்வரை போக வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் கொஞ்சம் அதிகம்தான்.

சேவைக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். மூன்றும் நேரத்துக்கும், முதல் நாள் சேம்பர் வேலைக்கும், செங்கல்லை மதித்ததற்கும். வெறும் புல்தரையும் நிறைய இடமும் உள்ள பள்ளி, கிடங்கு போன்ற இடங்களுக்கு இவர்கள் பொருத்தமானவர்கள். எங்களைப் போல ஒவ்வோர் அடியிலும் ஒருவருடைய ஏதோ ஒன்று இருக்கும் குறுகிய இடங்களில் அமர்த்துவதாக இருந்தால், எதை வெட்டக் கூடாது என்பதை முதல் நாள் கூடவே நடந்து காட்டுங்கள், மரத்தடியில் மெஷின் விடாமல் கையால் எடுக்கச் சொல்லுங்கள், அள்ளிச் செல்லும் செலவையும் சேர்த்தே தொகையைப் பேசி எழுத்தில் வாங்குங்கள்.

மார்ச்சில் மாத ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டோம். இனி வருடத்துக்கு மூன்று முறை, செப்டம்பர் கடைசியில் பருவமழைக்கு முன் ஒரு முறை கட்டாயமாக, இதே குழு வரும். வண்டிச் செலவும் அதில் அடக்கம். நடுவில் வேரோடு பிடுங்கும் வேலையை எங்கள் பிளாக்கிலேயே இருக்கும் இரண்டு பெண்கள், நாளுக்கு 600 ரூபாய் கூலிக்கு, மாதம் ஒரு நாள் செய்கிறார்கள். மிச்சமாகும் பணத்தில் பின்பக்கத்துக்குக் குழாய் இழுக்க மதிப்பீடு வாங்கியிருக்கிறோம். களை எது, கீரை எது என்று அந்தப் பெண்களுக்கு முதல் மாதம் காட்டிக் கொடுத்தவர் ஆயா. அவருக்கும் அரை நாள் கூலி எழுதியிருக்கிறேன். வாங்க மாட்டேன் என்கிறார், கணக்கு இன்னும் முடியவில்லை.